சரித்திர மாணவருக்குக் கைப்பயிற்சி



"சரித்திரம் படித்து என்ன உத்தியோகம் பெறப் போகிறாய்?" என்னும் வினாவைக் கேளாத சரித்திர மாணவர் இலர். ஆசிரியத் தொழிலையே விடையாகச் சொல்லி நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவ்விடை போதாது. கற்கும் காலத்திலேயே தொழில் பழகும் வாய்ப்பு நமக்கும் உண்டு. அதனை உள்ளகப் பயிற்சி என்பர்.

நமது வன்னியையே எடுத்துக்கொள்வோம். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட லூயிஸ், அரசாங்க நிர்வாக உத்தியோகத்தர். 1909இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலிலே நம் அயலிலுள்ள வவுனிக்குளத்தின் பழைமையை ஆராய்ந்த பார்க்கர், நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஒருவருக்குக் கச்சேரிக் கடிதக்கட்டுகளும், மற்றவருக்குக் குளக்கட்டின் கல்லும் மண்ணுமே பள்ளிக்கூடமாயின. கைப்பழக்கம் நூலறிவுக்கு எத்துணை வேண்டியதென்பதற்கு இவ்விருவரும் சான்று.

அப்பழக்கத்தை நாடுவோர் சென்று கேட்கத்தக்க இடங்கள் பல. கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களம் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைக் காத்து வருகின்றது. 1890இல் நிறுவப்பட்ட தொல்பொருள் திணைக்களம் அகழ்வாய்வையும் பழஞ்சின்னங்களையும் கவனிக்கின்றது. யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழகமும் நூதனசாலையும் உள. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேமிக்கின்றது. ஆவணங்களுக்கு அட்டவணை எழுதுதல், ஓலையேட்டுக்கு எண்ணெய் பூசித் துலக்குதல், முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்தல் முதலிய வேலைகளை இத்தகைய இடங்களிலேயே பழகலாம். தாம் வாசிக்கவல்ல மொழிகள் எவை, எத்தனை வாரம் தங்க இயலும், எவ்வேலையில் விருப்பம் என்பவற்றைத் தெளிவாக எழுதி விண்ணப்பிப்பதே முறை. தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் அறிந்தவருக்குக் கதவுகள் எளிதில் திறக்கும்.

நிற்க. இப்பயிற்சி நமக்கு ஏன் அவசரம்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2008இல் மல்லாவி மக்கள் ஊர்விட்டு இடம்பெயர்ந்தனர். காணியுறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்தோர் நம்மிடையே பலர். காடு வெட்டிக் கழனியாக்கிய முதற் குடியேற்றவாசிகளுள் இன்று எஞ்சியிருப்போர் சிலரே. அவர்தம் நினைவே நமது சுவடிச்சாலை. அதனை முறையறிந்து பதியும் கைகள் இப்போதே வேண்டும்.

ஆயின், இப்பயிற்சிகளுட் பல ஊதியமில்லாதவை. மல்லாவிப் பிள்ளை கொழும்பிலே தங்குவதற்கும் உண்பதற்கும் யார் கொடுப்பார்? வசதியுள்ளவர் பிள்ளைக்கே வாய்ப்பென்றால், ஏழைக் கமக்காரன் கதையை எழுத ஆளிராது. ஆகவே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்கிறோம். ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் இரு மாணவர்க்கேனும் தங்குமிடச் செலவையும் பிரயாணச் செலவையும் சங்கம் ஏற்றல் வேண்டும். அம்மாணவரோ, திரும்பி வந்து ஊரின் முதியோர் பதின்மர் வாய்மொழியையாவது எழுதிச் சங்கத்திடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இளைஞர்காள், உங்கள் பாட்டனார் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதுங்கள்.