மூக்குச் சதையும் அணுக்களின் சாவும்



மூக்கில் வளரும் சதையைப்பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். சிலர் சிரிக்கிறீர்கள். மூக்கடைத்து, இராமுழுதும் வாயால் மூச்சு விடுகிறவரைக் கேட்டால் இது சிரிக்கிற விஷயமல்லவென்று தெரியும்.

நம் சரீரம் கோடானுகோடி ஜீவ அணுக்களால் ஆனது. வைத்தியர்கள் இதைச் 'செல்' என்பார்கள். அணுக்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன; சாகவும் சாகின்றன. சாவு என்றதும் நமக்கு யமனும் பாசக்கயிறுந்தான் ஞாபகம் வரும். அணுவுக்கு அவ்வளவு தடபுடல் கிடையாது. காலம் வந்தால் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. கருவில் நம் விரல்கள் சவ்வினால் ஒட்டியேயிருந்தன. இடையிலிருந்த அணுக்கள் செத்ததனால்தான் ஐந்தாகப் பிரிந்தன. வாத்தின் காலில் அவை பெரும்பாலும் சாகாததால் சவ்வு அப்படியே நிற்கிறது. 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர் இந்தச் சாவுக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இப்பொழுது ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வெள்ளம் வந்தாலும் ஏரி நிரம்பும். வரத்து கூடாமல் கலுங்கு அடைபட்டாலும் நிரம்பும். சதை வளர்வதும் அப்படியேதான். பிறப்பு கூடியதா, சாவு குறைந்ததா என்று இரண்டு கணக்கையும் பார்க்கவேண்டும்.

சதை என்று நாம் ஒரே பெயரால் சொல்லுவது ஒன்றல்ல. உரித்த திராட்சைபோல் வழவழப்பாய், பெரும்பாலும் இரு பக்கமும் தொங்குவது ஒன்று. சரியாகச் சொன்னால் இது கட்டியல்ல, வீக்கம். இதில் பலவற்றில் 'இயோசினோபில்' என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. சில நாளில் சாகவேண்டிய அவை, 'இன்டர்லியூகின்-5' என்ற பொருளின் தயவால் சாகாமல் தங்கிவிடுகின்றன. கலுங்கு அடைபட்ட கதை இது. ஸ்டீராய்டு மருந்து அவ்வணுக்களைச் சாகச் செய்வதனால் சதை சுருங்குகிறது. அந்த இன்டர்லியூகினையே பிடித்துக் கட்டும் 'மெபோலிசுமாப்' ஊசியை இந்நோய்க்கென அமெரிக்காவில் 2021-ல் அனுமதித்தார்கள்.

மற்றொன்று 'இன்வர்ட்டட் பாப்பிலோமா'. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வரும். மரு வெளிநோக்கி வளரும். இதுவோ கவிழ்ந்து உள்நோக்கி வேர்விடும். இங்கே வெள்ளம் வாய்க்காலில். எப்படித் தெரியும்? சதையை மெல்லியதாய்ச் சீவி, பிரிந்துகொண்டிருக்கும் அணுவில் மட்டும் உள்ள 'கேஐ-67' என்ற பொருளுக்குச் சாயமேற்றி எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் கீல் நகரத்தார் 1983-ல் வெளியிட்ட முறை. ஊர்ப் பெயரும் தட்டிலிருந்த குழியின் எண்ணுமே அதன் பெயராயிற்று! சாகும் அணுவில் மரபுப்பொருள் துண்டு துண்டாகிறது. அந்த முனைகளுக்குச் சாயமேற்றும் முறை 1992-ல் வந்தது. சாதாரண மூக்குத்தோலைவிடப் பாப்பிலோமாவில் பிரியும் அணுக்கள் மிக அதிகம்.

இதற்கு ஸ்டீராய்டு பயன்படாது, அறுவைதான். வேர் பற்றிய எலும்பையும் சுரண்டாவிட்டால் மறுபடி முளைக்கும். சாதுவான கட்டியென்றாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் புற்றாக மாறுவதுண்டு. ஆகவே ஒரு பக்கம் மட்டும் அடைப்போ, இரத்தமோ இருந்தால் சளியென்று தைலம் தடவிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். வெட்டியெடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பாப்பிலோமா என்று பதில் வந்தால், மூக்கு நன்றாய்த் திறந்துகொண்ட பிறகும் சில வருஷங்கள் போய்க் காட்டிக்கொண்டே வரவேண்டும்.