மூன்று சொட்டு ரத்தம்



இன்று அக்டோபர் 1. தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். இந்தியாவில் ரத்தமேற்றும் மருத்துவத்தை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான டாக்டர் ஜே. ஜி. ஜாலியின் பிறந்த நாள். ரத்ததானம் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் இருந்து தொடங்குகிறேன். முதலில் ஒரு கேள்வி. தன்னுடைய ரத்தம் எந்த குரூப் என்று தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.

நல்லது. பாதிக்கு மேல் கைகள் இருக்கின்றன. இறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இன்னொரு கேள்வி. ஆய்வகத்தில் சோதித்து, அந்த முடிவை எழுத்தில் தன் கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கிவிடலாம்.

பாருங்கள், எத்தனை கைகள் இறங்கிவிட்டன! இறங்கிய அந்தக் கைகளுக்காகத்தான் இன்றைய என் பேச்சு.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்தப் பெண் பி பாசிட்டிவ். ரத்த வங்கியில் இருந்த கடைசிப் பையும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் வேண்டும். அவளுடைய அண்ணன் ஓடி வந்தார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். "பி பாசிட்டிவ்தான் சார், பாருங்க, எழுதியிருக்கு. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று கையை நீட்டினார்.

விரலில் குத்தி மூன்று சொட்டு எடுத்து, சோதிக்கும் வெள்ளை ஓட்டில் வைத்தேன். பி-யைப் பார்க்கும் சொட்டு அசையவில்லை. ஏ-யைப் பார்க்கும் சொட்டு கட்டி கட்டியாகத் திரிந்தது. கண்ணை நம்பாமல் மறுபடியும் வைத்தேன். அதேதான். அவர் ஏ பாசிட்டிவ். அந்த மனிதரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. "எங்கப்பா பி பாசிட்டிவ் சார். எனக்கும் அதுதான் இருக்கும்னு எழுதிக் கொடுத்தேன்" என்றார். கூட வந்த உறவுக்காரர்களில் ஒருவருக்கும் தன் குரூப் தெரியாது. ஒருவர் பின் ஒருவராக விரலைக் குத்திக்கொண்டே போனேன். ஒன்றும் சேரவில்லை. கடைசியில், அவர்களை ஆட்டோவில் ஏற்றிவந்து வாடகைக்காக வாசலில் காத்திருந்த தம்பி உள்ளே வந்து, "எனக்கும் பாருங்கண்ணே" என்றார். அவர்தான் பி பாசிட்டிவ். அந்தத் தாய் பிழைத்தார்.

ஆனால் உறவுக்காரர்கள் வரிசையில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த நேரம் போன நேரம்தானே? அவர்களில் நாலு பேருக்குத் தன் ரத்தம் இன்னதென்று முன்பே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் வேறு ஆளைத் தேடியிருப்பார்களே!

சரி, இந்த ரத்த வகை என்பதுதான் என்ன? எல்லா ரத்தமும் சிவப்புதான். ஆனால் சிவப்பணுவின் மேல் ஒரு முத்திரை இருக்கிறது. சிலருக்கு ஏ முத்திரை, சிலருக்கு பி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாததுதான் ஓ. இதுபோக டி என்று ஒரு முத்திரை. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தன்னிடம் இல்லாத ஏ, பி முத்திரை உள்ளே நுழைந்தால் உடம்பு அதை அந்நியன் என்று பார்த்து அழிக்கக் கிளம்பும். ஏற்றிய ரத்தமே எமனாவது அப்படித்தான்.

இதை உலகத்துக்குக் காட்டியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அதற்கு முன்னாலும் மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. லாண்ட்ஸ்டைனர் பெரிய கருவி எதையும் தேடிப் போகவில்லை. தன் ரத்தத்தையும் தன்னோடு வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய ரத்தத்தின் நீரை இன்னொருவருடைய சிவப்பணுக்களோடு கலந்து கலந்து பார்த்தார். சில கலவைகள் ஒழுங்காக இருந்தன. சில கட்டி கட்டியாகத் திரிந்தன. 1901இல் அதை எழுதி வெளியிட்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14தான் இன்று உலக ரத்ததான நாள்.

அவர் செய்த அதே சோதனையைத்தான் இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம். வெள்ளை ஓட்டிலோ கண்ணாடிச் சில்லிலோ மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, அது ஏ-யைப் பார்க்க. இன்னொன்றில் மஞ்சள் மருந்து, அது பி-யைப் பார்க்க. மூன்றாவதில் நிறமில்லாத மருந்து, அது டி-யைப் பார்க்க. குச்சியால் கலக்கி, ஓட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். முத்திரை இருந்தால் அந்தச் சொட்டு ரவை ரவையாகத் திரியும். இல்லாவிட்டால் குங்குமம் கரைத்த தண்ணீர் போல ஒரே சீராக நிற்கும். நீலத்தில் மட்டும் திரிந்தால் ஏ. மஞ்சளில் மட்டும் திரிந்தால் பி. இரண்டிலும் திரிந்தால் ஏபி. இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. சாப்பிடாமல் வர வேண்டியதில்லை. நாள் பார்க்க வேண்டியதில்லை. எறும்பு கடித்த வலிதான்.

எங்கே போய்ப் பார்ப்பது? நம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். டவுனில் எந்த லேபுக்குப் போனாலும் பெரிய செலவில்லை. பிள்ளை பெற்ற தாய்மார்களே, உங்களுக்குக் கர்ப்ப காலத்தில் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் பழைய தாய்-சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. ரத்ததான முகாமுக்குப் போய் ஒரு தடவை ரத்தம் கொடுங்கள். ரத்த வங்கியில் உங்கள் வகையைச் சொட்டில் பார்ப்பதோடு விடமாட்டார்கள். உங்கள் ரத்தத்தின் நீரை, வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் எழுதுவார்கள். அதைவிட உறுதியான சீட்டு வேறில்லை.

எதிர்ப்பக்கம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 1952இல் பம்பாயில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் அவரோடு இருந்தவர்களும் ஒரு புதிய வகையைக் கண்டார்கள். சொட்டில் பார்த்தால் ஓ போலவே இருக்கும்; எதிர்ப்பக்கத்தில் ஓ அணுக்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் வேறு என்று தெரியும். ஆனால் ஓ ரத்தத்தையும் அந்த உடம்பு ஏற்காது. அந்த வகைக்காரர் கொடுத்தால்தான் ஏற்கும். பம்பாய் குரூப் என்று அந்த ஊர்ப் பெயராலேயே உலகம் அதை அழைக்கிறது. நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. "நான் ஓ" என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உண்மையில் அந்த அரிய ஒருவராக இருக்கலாம்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. நீங்கள் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனால், உங்கள் அட்டையை மட்டும் நம்பி ரத்தம் ஏற்றமாட்டார்கள். ஏற்றவும் கூடாது. அவர்களே சோதித்து, கொடுப்பவர் ரத்தமும் உங்கள் ரத்தமும் சேருமா என்று கிராஸ் மேட்ச் செய்து பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அப்படியானால் நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் இதுதான்: உங்கள் ரத்த வகையை நீங்கள் தெரிந்துகொள்வது பெரும்பாலும் உங்களுக்காக அல்ல. ஊருக்காக. "ஓ நெகட்டிவ் வேணும், யாராவது இருக்கீங்களா" என்று நடுராத்திரி ஒரு குரல் கேட்டால், "நான் இருக்கேன்" என்று சொல்வதற்காக.

ஆனால் தனக்காகவே கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள். தாய் நெகட்டிவாக இருந்து, வயிற்றில் இருக்கும் பிள்ளை தகப்பனைக் கொண்டு பாசிட்டிவாக இருந்தால், முதல் பிள்ளை பெரும்பாலும் நல்லபடியாகப் பிறந்துவிடும். பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அடுத்த பிள்ளை வரும்போது அந்த எதிர்ப்பு பிள்ளையின் ரத்தத்தையே அழிக்கும். வயிற்றிலேயே பிள்ளை தங்காமல் போவதும், பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வருவதும் இதனால் நடந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்ணை இந்த ஊர் என்ன சொன்னது? ராசி கெட்டவள் என்றது, சாபம் என்றது. சாபமும் இல்லை, ராசியும் இல்லை. ஒரு சொட்டு திரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு இன்று ஆன்டி-டி ஊசி இருக்கிறது. 28ஆவது வாரத்தில் ஒன்று, பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும் மருத்துவரிடம் போய்க் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொண்ட பிறகு ஊசியால் பயனில்லை. முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் தாய்மார்களே, மகளின் ரத்த வகைச் சீட்டையும் அந்தப் பெட்டியில் வையுங்கள்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். "மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே குரூப், பிள்ளை பிறக்காது" என்று சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்துகிறார்கள். இது பொய். ஒரே வகை என்பதால் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. "அப்பன் குரூப்தான் பிள்ளைக்கு" என்பதும் தவறு. தாய் ஏ, தகப்பன் பி என்றால் பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ என நான்கில் எதுவாகவும் பிறக்கலாம். ஆகவே ஊகிக்காதீர்கள், சோதியுங்கள். பிறந்த உடனே பார்த்த முடிவை வளர்ந்தபின் இன்னொரு முறை சரிபாருங்கள். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்பக்கச் சோதனை செய்ய முடியாது.

நண்பர்களே, சிபிச் சக்கரவர்த்தி ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அரிந்த தசை வளராது. கொடுத்த ரத்தமோ கிணற்று ஊற்றுப் போல ஊறிவிடும். எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். அணுக்கள் சில வாரங்களில் வந்துவிடும். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் நல்ல உடல்நிலையும், ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் நீங்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை.

ரத்த பாசம் என்கிறோம், ரத்தச் சொந்தம் என்கிறோம். முப்பத்தோரு ஆண்டுகள் அந்த வெள்ளை ஓட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவன் சொல்கிறேன். கூடப்பிறந்த அண்ணனின் ரத்தம் சேராமல் போனதைப் பார்த்தேன். பெயர் தெரியாத ஆட்டோக்காரத் தம்பியின் ரத்தம் சேர்ந்ததைப் பார்த்தேன். எந்தத் தெரு என்று அந்தச் சொட்டு கேட்டதில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டதில்லை. ஓர் உயிர் போகிற நேரத்தில் யார் நமக்குச் சொந்தம் என்பதைச் சாதி சொல்வதில்லை. மூன்று சொட்டுதான் சொல்கிறது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நாளை அக்டோபர் 2, கிராம சபை கூடுகிறது. ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுகிறோம், போட வேண்டியதுதான். அதோடு இதையும் சேர்ப்போம்: சுகாதார நிலையத்து உதவியோடு நம் ஊர் முழுவதற்கும் ஒரு நாள் ரத்த வகைச் சோதனை நடத்த வேண்டும், ஒவ்வொருவர் கையிலும் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும், ரத்தம் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் பெயரும் போன் எண்ணும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். முகாம் நாளில் விரல் குத்தும் வேலைக்கு நானே வருகிறேன். என் கைக்கு இன்னும் நடுக்கம் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்றைக்கு இறங்கிய கைகள் எல்லாம் நாளை அந்தத் தீர்மானத்துக்காக எழ வேண்டும்.