பச்சைத் தண்ணீர் குடித்தாலும் உடம்பு போடுமா?



"நான் பச்சைத் தண்ணீர் குடித்தாலே உடம்பு போட்டுவிடுகிறது, அவன் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டும் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறான்." கல்யாணப் பந்தியில் இதைக் கேட்காதவர் உண்டா? பழியெல்லாம் வளர்சிதை மாற்றத்தின், அதாவது உடம்பு சக்தியை எரிக்கும் வேகத்தின், தலையில்தான் விழும்.

நாம் அசையாமல் படுத்திருந்தாலும் மூளை, இதயம், ஈரல், சிறுநீரகம் ஓய்வதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு நாளில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் உடம்பின் இந்த அடிப்படை வேலைகளுக்கே போய்விடும். கொழுப்பும் சும்மா இருப்பதில்லை; கொஞ்சமாவது எரிக்கும். ஆகவே மொத்தக் கணக்கில், ஒல்லியானவரைவிடப் பருமனானவரின் உடம்பே அதிகம் செலவழிக்கிறது. தைராய்டுக் குறைபாடு போன்ற காரணங்கள் வேறு. அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள், "குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்கவில்லை" என்ற சிலரைச் சோதித்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையே இல்லை. சொன்ன அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தட்டில் வைத்த மிச்சம், உப்பு பார்க்க வாயில் போட்ட ஒரு கரண்டி, டீயில் விழுந்த இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை... இதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள்?

"நாற்பது தாண்டினால் அப்படித்தான்" என்பதும் எடுபடவில்லை. 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, உடலின் அளவைக் கழித்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை எரிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

ஆனால் எடை குறைத்து இளைத்தவர்கள், "குறைத்தது திரும்பிவிடுகிறது" என்று சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் மறுபடி அளந்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்விலிருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்ததோ, அந்த உடல்வாகுக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. மூன்று நான்கு தோசைக்கான கணக்கு அது! பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு கையை இறுக்கிக்கொள்கிறது, பசியும் கூடுகிறது.

ஆகவே எடை குறைக்க நினைப்பவர்கள், மூன்று வாரத்தில் பத்துக் கிலோ குறைக்கச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம். எடை குறைந்தபின், அதே எடையுள்ள பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் அளவு இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் அதைப் புரிந்துகொண்டு, "ஒரு தோசைதானே, வைத்துக்கொள்" என்று வற்புறுத்தாமல் இருந்தாலே பெரிய உதவி.