உண்ணும் அளவு

(குருவிநத்தத்தில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவை அளந்துண்ணுதல் என்பது இன்று எமக்களிக்கப்பட்ட பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலையென்று நும்முட் சிலர் எண்ணலாம். திருவள்ளுவனார் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை வகுத்தபோது, சரக்குகளின் பெயரொன்றும் கூறாது, அதன் பெரும்பகுதியை உண்ணும் அளவுக்கே அளித்தனர். அவ்வொன்றே யாம் ஈண்டு நின்று பேசுவதற்குரிய உரிமைச்சீட்டாம்.

முதற்கண் நம் நாட்டு நிலையை நோக்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரை ஆராய்ந்த முடிபு 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்தது. இந்தியாவில் வயதுவந்தோர் நூற்றுவரில் 11.4 பேருக்கு நீரிழிவு உளதென்றும், கோவாவில் அது 26.4 என்றும், நம் புதுவையில் 26.3 என்றும் அவர் கண்டனர். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஒரு புள்ளியிற் பத்திலொரு பங்குதான் வேற்றுமை. ஆகவே இப்பந்தலில் நூறு பெரியோர் இருப்பின், இருபத்தாறு பேர் அக்கணக்கில் அடங்குவர். அவருட் சிலர் தமக்கு நோயுண்டென்பதையே இன்னும் அறியாதவராகவும் இருக்கலாம்.

இது நம்மிடம் இத்துணை மிகுந்ததற்குக் காரணம் பலவாயினும், ஒன்று நம் கண்முன்னே கிடக்கின்றது. பாகூர் நெல்விளையும் பூமி. பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்ப, அந்நீரால் விளைந்த சோற்றை நம் முன்னோர் வயிறார உண்டனர். உண்டவர் விடியற்காலை ஏர் பூட்டினர். நாற்றுக்கட்டைத் தலையிற் சுமந்தனர். நாள் முழுதும் குனிந்து நட்டனர். இன்று நடுவதும் அறுப்பதும் பெரும்பாலும் இயந்திரத்தின் பாடு. உடலுழைப்புக் குறைந்ததே யன்றி இலையிலிடும் சோறு குறைந்தபாடில்லை.

சோற்றை அளப்பது கருமித்தனம், விருந்தினர்க்கு இழுக்கு என்று சொல்வாருளர். அங்ஙனமாயின் நம் இல்லங்களில் ஆழாக்கும் படியும் எதற்கு இருந்தன? 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி என்று சிறார்க்கு வாய்பாடு கற்பித்த இனம் நம்மினம். நெல்லை எண்ணி அளவை வகுத்தவர்க்கு அளத்தல் இழிவாயிற்றோ? நம் தாய்மார் இன்றும் உலையில் அரிசியிடும்போது அளந்தே இடுகின்றனர். குறை யாதெனின், அளவு உலையோடு நின்றுவிடுகின்றது, இலைவரை வருவதில்லை. நால்வருக்கென்று வடித்த சோற்றில் எவர் எவ்வளவு உண்டார் என்பதை ஒருவரும் அறியார்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். அவ்வளவின்மையால் மிகத் துன்புறுவோர் அளந்து உலையிட்ட அப்பெண்மக்களே. ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின், பருப்பும் பொரியலும் அடியில் ஒட்டிய துளியாக, சோறும் ரசமும் மிகுந்திருக்கும். வீணாக்கலாகாதென்று அச்சோறு முழுவதையும் அவர் உண்கின்றனர். ஆதலின் ஒரே வேளையில் அவர்க்கு மாவுப்பொருள் மிகுகின்றது. புரதமும் கீரையும் குறைகின்றன. பருத்த உடம்பும் சோகை பிடித்த முகமும் ஒருவரிடத்தே கூடுவதற்கு இதுவும் ஒரு வழியாகும். நான்கு கிண்ணங்களில் பருப்பையும் காயையும் முதலிலேயே பகிர்ந்து வைத்துவிட்டால் இக்கேடு பெரும்பாலும் தீரும். அளத்தல் குறைத்தற்கு மட்டுமன்று. பங்கு தப்பாமற் காத்தற்கும் ஆம்.

இனி அளவு எவ்வளவு? 1918இல் குன்னூரில் மெக்காரிசன் என்பார் ஓரறையில் தொடங்கிய ஆராய்ச்சி, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பூண்டது. 2024இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட உணவு நெறியில், 2,000 கலோரி வேண்டும் ஒருவர்க்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, கீரையும் காய்கறியும் 400, பழம் 100, கொட்டையும் வித்தும் 35, எண்ணெய் 27 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி என்று வகுத்துள்ளனர். இவை சமைக்குமுன் உள்ள அளவுகள். 100 கிராம் அரிசி வெந்தபின் இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்கு எடையாகும். இட்டலி மாவிலுள்ள அரிசியும் அந்த 250இல் அடங்கியதே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நாள்தோறும் தராசு தூக்குவது எல்லார்க்கும் இயலாது. மளிகைக் கணக்கே நல்ல தராசு. நால்வர் வாழும் வீட்டில், எல்லாரும் பெரியவராயின், திங்களுக்குத் தானியம் யாவும் சேர்ந்து 30 கிலோ, பருப்பு 10 கிலோவுக்குச் சற்று மேல், எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் எனக் கணக்கு வருகின்றது. உப்பு ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூற்று. ஆகவே நால்வர்க்குத் திங்களில் 600 கிராமைத் தாண்டலாகாது. ஊறுகாயும் கருவாடும் தரும் உப்பு இதற்குள் அடங்கவேண்டும். ஒரு கிலோப் பொட்டலம் திங்கள் முடியுமுன் தீருமாயின் மேலும் கணக்கிட வேண்டுவதில்லை. பருப்பு 10 கிலோ எத்தனை வீட்டில் வாங்குகின்றோம்? மீனும் முட்டையும் உண்பார் அதிற் சிறிது குறைக்கலாம். ஆயினும் பெரும்பாலார் வீட்டில் அரிசி மூட்டை ஏறியும் பருப்புப் பை இளைத்துமே இருக்கக் காண்கின்றோம்.

தராசு வாங்க வல்லார் பத்து நாள் மட்டும் நிறுத்துப் பார்ப்பாராக. தம் வீட்டுக் கிண்ணமொன்றில் எத்தனை கிராம் சோறு கொள்ளும், தம் கரண்டியில் எத்துணை எண்ணெய் விழும் என்பதறிந்தால், அப்பால் கண்ணே அளக்கும். கிராம் என்னும் அளவு 1795இல் பிரான்சு தேசத்தில் சட்டமாயிற்று. 1954 வரை நம்மை ஆண்ட அத்தேசத்தார் விட்டுச்சென்றவற்றுள் பயனுடைய ஒன்றைப் பயன்கொள்வதில் பிழையில்லை.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வார் மருத்துவரைக் கேளாது சோற்றைத் திடீரெனக் குறைத்தலாகாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி வீழ்தல் கூடும். கருவுற்றார், பாலூட்டுவார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளர் ஆகியோரின் கணக்கு வேறு. வெயிலில் மண்வெட்டி பிடிப்பார்க்கு மேற்சொன்ன அளவு போதாது.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் ஆண்டுவிழாப் பந்தியில் இலை போட்டவுடன் பருப்பும் கூட்டும் பொரியலும் முதலில் வைத்து, சோற்றைச் சிறு கரண்டியால் இட்டு, கேட்டார்க்கு மட்டும் மறுமுறை இடுவதென்று வைத்துக்கொள்வோம். பரிமாறும் பெண்டிர்க்குரிய காய்கறிப் பங்கை முற்பந்திக்கு முன்னரே தனியே எடுத்துவைத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் இன்றே தீர்மானமாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம்.