பேச்சு வாராப் பிள்ளைக்குத் தாய்மொழியை மறுப்பதோ?
(திருமுக்கூடற் சொற்பொழிவு)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்க் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்தே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இயங்கிற்று. கல்வெட்டு அதனை ஆதுலர்சாலை என்னும். சொல் வடசொல்லாயினும் தொண்டு நம்முடையதே. நோயுற்றார்க்குப் படுக்கையிட்ட ஊர், பேச்சு வாராப் பிள்ளையைக் கைவிடலாமோ?

ஈரகவை நிறைந்தும் பேசாத பிள்ளையைப் "பிறகு பேசும்" என்று விட்டுவைத்தல் கேடு. முதற்கண் செவியை ஆய்தல் வேண்டும். கேளாச் செவியினர்க்கு, ஆறகவைக்குள், உட்செவிக் கருவி பொருத்தும் அறுவையை அரசு காப்பீட்டின்வழிச் செய்விக்கின்றது. கருவி பொருத்தினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. நாள்தோறும் கேட்பித்துப் பேசுவிக்க வேண்டும்.

ஈண்டுதான் கொடுமை! "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், இருமொழி குழப்பும்" என்று பெற்றோர்க்குக் கூறுவாருளர். இருமொழி கேட்பதாற் பேச்சுத் தடைப்படாதென ஆய்வுகள் காட்டிவிட்டன. தாயும் பாட்டியும் பேசும் மொழியை விலக்கினால், அப்பிள்ளையோடு வாயாட வீட்டில் எவருளர்?

எழுத்துகள் எட்டு உறுப்புகளாற் பிறக்குமாற்றைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்கும். ழகர ளகர வேறுபாட்டை ஆங்கிலப் படவட்டை கற்பிக்குமோ? ஆயினும், மூன்றகவைப் பிள்ளையை ழகரத்திற்காக வாட்டற்க. அது பிந்தி வரும் ஒலி. அம்மா, பால், வா என்பன முதலில் வரட்டும். பயிற்றுநரிடம் செல்லும் பெற்றோர், பயிற்சித் தாளைத் தமிழிலேயே கேட்டுப் பெறுக!