கூதிரும் வாடையும்

தமிழ்க் கவிதையில் குளிர்ப் பொழுதுக்குக் கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்று பெயர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தொல்காப்பியம் இவற்றை வெறும் மாதக் கணக்காக வைக்கவில்லை. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றது. கூதிரும் முன்பனியும் கூடலுக்குரிய குறிஞ்சிக்கு, பின்பனி பிரிவுக்குரிய பாலைக்கு. பொழுதின் பெயர் காதில் விழுந்ததுமே கேட்பவர் மனம் கூடலுக்கோ பிரிவுக்கோ ஆயத்தமாகிவிடும்.

ஜப்பானிய ஹைக்கூவிலும் பருவச்சொல் உண்டு. அதற்குக் கிகோ என்று பெயர். அச்சொற்களைத் தொகுத்த நூல் சைஜிகி. குளிர்காலத்தின் வாசலில் வீசும் காற்று கொகராஷி. தோக்கியோவிலும் ஒசாகாவிலும் முதல் கொகராஷி வீசினால் வானிலை நிலையமே அறிவிக்கும். நவம்பரில் தேநீர்க்கூடத்துத் தரையில் பதித்த அடுப்பைத் திறப்பதும் அங்கே ஒரு விழா.

தமிழில் கூதிரை முழுதாகக் கண்டவர் நக்கீரர். பத்துப்பாட்டில் அவருடைய நெடுநல்வாடை 188 அடிகள். குளிர்கிறது என்று சொல்வதைவிட, குளிரால் நின்றுபோன காரியங்களையே அவர் காட்டுகிறார். மேட்டுக்கு மந்தையை ஓட்டிய இடையர் கொள்ளியைக் கையில் பிடித்தும் நடுங்குகிறார்கள். பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. விசிறியில் சிலந்தி வலை பின்னுகிறது. குளிர்ந்த நீரைத் தொடுவார் இல்லை. எல்லோரும் கணப்பைச் சூழ்கிறார்கள். குளிரில் சுருதி பிசகிய யாழ் நரம்பை மார்பின் சூட்டில் தடவிச் சரிசெய்கிறார்கள். அரண்மனையில் அரசி உறங்காதிருக்க, அதே வாடை வீசும் நள்ளிரவில் பாசறையில் அரசன் புண்பட்ட வீரரைப் பார்த்து வருகிறான். ஒரே காற்று இருவரையும் தொடுகிறது. குளிரைப் பற்றி இதைவிடச் செறிந்த பாட்டு தமிழில் இல்லை.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரில் உறைபனி விழுவதில்லை. இங்கே மழையும் காற்றுமே குளிர்காலம். மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலைச் சேரும் இந்தப் பக்கத்துக்கு, வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் மாரியைக் கொண்டு வருகிறது. நக்கீரரின் கூதிர் மாதங்களில் இங்கே பெரும்போக வெள்ளாமை விதைப்பு. கோடையில் அடித்த வறண்ட கச்சான் ஓய்ந்து வாடை திரும்பினால் வயற்காரரும் கடற்றொழிலாளரும் வேலையை மாற்றுகிறார்கள். ஏட்டில் கிடக்கும் வாடை இங்கே நாள்தோறும் வாயில் வழங்கும் சொல்.

ஆனால் இம்மாவட்டத்தின் காற்றுக்கும் மழைக்கும் உள்ள பெயர்களுக்குச் சைஜிகி போன்றதொரு தொகுப்புத் தேவை. வயலிலும் கடலிலும் முதிர்ந்தவர்களிடம் கேட்டு, சொல்லையும் அது வழங்கும் மாதத்தையும் சேர்த்து எழுதும் பணியை இவ்வூர் இளையோர் இந்த மாரியிலேயே தொடங்க வேண்டும்.