பல தட ஒலிப்பதிவும் படத்தொகுப்பும்

மட்டக்களப்பிலே வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தினை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். காணாதோர் கேள்வியுற்றேனும் இருப்பீர்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இக்கலையைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்த பின்னர், கற்றோர் கவனமும் இதன்பாற் சென்றது. இன்று கூத்தினைக் கமராவிலே பதிந்து வைக்கும் முயற்சியில் இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். ஆனால், படம் தெளிவாக இருக்கும், பாட்டோ விளங்காது. மத்தளத்தின் முழக்கம் கூத்தரின் குரலை மூடிவிடும். சதங்கை ஒலி தாளத்தோடு கலந்துவிடும். முதிய அண்ணாவியார் ஒருவர் மறைந்தபின், அவர் பாடிய விருத்தத்தின் ஒரு சொல்லை அறிய விரும்பும் மாணவன் யாரிடம் சென்று கேட்பான்?

இக்குறையைத் தீர்க்கும் வழிதான் பல தட ஒலிப்பதிவு. தடம் என்பது யாது? ஒரு பெருந்தெருவிலே பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் தத்தம் ஒழுங்கையிற் செல்வது போல, ஒவ்வோர் ஒலிவாங்கியின் ஒலியும் தனக்கென அமைந்த பாதையிலே பதிவாவதே தடம் எனப்படும். 1957ஆம் ஆண்டில் அம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவியொன்றை அமெரிக்க இசைக்கலைஞர் லெஸ் போல் என்பவருக்குச் செய்து கொடுத்தது. அன்று அறையொன்றின் மூலையை அடைத்து நின்ற அக்கருவியின் வேலையை இன்று தோளிலே தொங்கவிடும் சிறு பெட்டி செய்கின்றது. மத்தளத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, பிற்பாட்டுக்காரருக்கு இரண்டு, களரியைச் சுற்றிக் கூத்தருக்கு நான்கு என எட்டு ஒலிவாங்கிகளை அமைத்தால், எட்டு ஒலிகளும் தனித்தனியே நமக்குக் கிடைக்கும்.

பதிந்த ஒலியைக் கணினிக்குக் கொண்டு செல்வது எவ்வாறு? இங்கேதான் பலர் இடறுகின்றனர். கருவியிற் காதொலிப்பானுக்கென உள்ள துளையிலே கம்பியைச் செருகி, மறுமுனையைக் கணினியில் மாட்டி, ஓடவிட்டுப் பதிகின்றனர். அவ்விதம் செய்தால் எட்டுத் தடங்களும் கலந்து, இடம் வலம் என்னும் இரண்டாகச் சுருங்கிவிடும். பாலிற் கலந்த நீரைப் பின்னர் பிரித்தெடுக்க அன்னப்பறவையைத்தான் தேட வேண்டும். நினைவக அட்டையிற் பதியும் கருவியாயின் அட்டையை வெளியே எடுத்து, அதிலுள்ள கோப்புகளை உள்ளவாறே படியெடுப்பதே முறை. அது விரைவானது; ஒலி அணுவளவும் தேயாது. படியெடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் திறந்து கேட்ட பின்னரே அட்டையை அழித்தல் வேண்டும்.

பழைய நாடாக்களின் கதை வேறு. அவற்றை ஓடும் நேரம் முழுவதும் ஓடவிட்டே மாற்ற முடியும். 1979இல் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ போன்ற நான்கு தடக் கசெற் கருவிகள், கசெற்றின் இருபக்கத்துக்குரிய நாடா அகலம் முழுவதையும் ஒரே திசையிற் பயன்படுத்தின. அத்தகைய கசெற்றைச் சாதாரணக் கருவியில் இட்டால் இரண்டு தடங்கள் மட்டுமே நேராகக் கேட்கும். திருப்பிப் போட்டால் ஏனைய இரண்டும் பின்னிருந்து முன்னாகக் கேட்கும். அவற்றையும் பதிந்து கணினியிலே திருப்பிக்கொள்ளலாம். ஆயினும் இரு தடவையும் நாடா ஒரே வேகத்தில் ஓடுவதில்லையாதலால் தாளம் பிசகும். அன்றியும், அக்கருவிகள் பல இருமடங்கு வேகத்திற் பதிந்தவை. ஆகவே நான்கு தடக் கருவியொன்றையே தேடிப் பெற்று, நான்கு வெளியீடுகளையும் ஒரே வேளையிற் கணினிக்குச் செலுத்துவதே நன்று. 1990களிற் பரவிய அடாற் என்னும் எட்டுத் தட எண்முறை நாடாவாயின், ஒளியிழையொன்றே எட்டுத் தடங்களையும் ஒருங்கே சுமந்து செல்லும். அப்போது கணினியின் இடைமுகக் கருவி நாடாக் கருவியின் கடிகாரத்தையே பின்பற்றுமாறு அமைத்தல் வேண்டும். இன்றேல் இடையிடையே சொடுக்கொலி எழும்.

அடுத்து, மாதிரி வீதம் என்பதைக் கவனிப்போம். எண்முறைக் கருவி ஒலியை ஒரு செக்கனில் எத்தனை தடவை அளந்து குறித்துக்கொள்கின்றது என்பதே அது. இசை இறுவட்டுக்கு 44,100 தடவை. காணொளிக்கு வழக்கமாக 48,000 தடவை. 44,100 என அளந்த ஒலியை 48,000 எனத் தவறாகக் கொண்டு ஓட்டினால், ஒரு மணித்தியாலக் கூத்து 55 நிமிடம் 7½ செக்கனில் முடிந்துவிடும். அண்ணாவியாரின் குரலும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு உயர்ந்து ஒலிக்கும். ஆதலின் தொடக்கத்திலேயே 48,000 எனப் பதிவதே அறிவுடைமை.

இனி அளவு. 24 பிற்று ஆழத்திற் பதிந்தால் ஒரு தடத்துக்குச் செக்கனொன்றுக்கு 144,000 பைற்று. எட்டுத் தடத்துக்கு மணித்தியாலமொன்றில் ஏறத்தாழ 4.15 கிகாபைற்று. எட்டு மணித்தியாலம் ஆடும் கூத்துக்கு 33 கிகாபைற்றுக்கு மேல் வேண்டும். வேவ் என்னும் வழக்கமான கோப்பு ஏறத்தாழ 4.29 கிகாபைற்றுக்கு மேற் பெருகாது. எனவே எட்டுத் தடங்களையும் ஒரே கோப்பாகப் பதியும் கருவிகள் பல, ஒரு மணித்தியாலம் அளவில் அல்லது அதற்கு முன்னரே அதனைத் துண்டாக்கிப் புதிய கோப்பைத் தொடங்கும். படத்தொகுப்பிலே அத்துண்டுகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து வைத்தல் வேண்டும்.

படமும் ஒலியும் இணைவதெப்படி? கூத்துத் தொடங்குமுன் களரியின் நடுவே ஒருவர் நின்று, கமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டட்டும். கைகள் சேரும் படத்தையும், ஒலியலை எழும் இடத்தையும் ஒன்றாக்கினால் இணைப்பு அமைந்துவிடும். கமராவிலே பதிவான ஒலியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதனை மட்டும் நம்புதல் கூடாது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும். களரிக்கு 34 மீற்றர் அப்பால் நிற்கும் கமரா, மத்தள ஒலியைச் செக்கனிற் பத்திலொரு பங்கு பிந்தியே கேட்கின்றது. செக்கனுக்கு 25 படங்கள் ஓடும் காணொளியில் அது இரண்டரைப் படங்களின் பிசகாகும்.

தொடக்கத்திற் சரியாக இணைந்தது இறுதியிற் பிசகுவதும் உண்டு. கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. பத்து இலட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு இருந்தாலே, ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன் விலகிவிடும். ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலும், 125 மில்லிசெக்கன் பிந்தினாலும் பார்ப்போர் உணர்ந்துவிடுவர் எனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகின்றது. ஆகவே இறுதியிலும் ஒருமுறை கைதட்டுக. இரு தட்டல்களுக்கும் இடைப்பட்ட நீளத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, எட்டுத் தடங்களையும் ஒருசேரச் சிறிது நீட்டியோ சுருக்கியோ கொள்க. ஒரு தடத்தை மட்டும் அசைத்தால் தாளமும் மத்தளமும் பகைத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் முடிந்தபின் கலவை செய்து படத்தை வெளியிடலாம். ஆனால், கலவை செய்தவுடன் மூலத் தடங்களை வீசிவிடாதீர்கள். இன்று நாம் செய்யும் கலவை இன்றைய பார்வையாளருக்கு உரியது. நாளைய மாணவனுக்கு மத்தளச் சொற்கட்டு மட்டும் தனியே வேண்டப்படலாம். ஒவ்வொரு தடத்துக்கும் கூத்தின் பெயர், ஊர், நாள், பாடியவர் அல்லது வாசித்தவர் ஆகியவற்றைக் குறித்து வைப்பீர்களாக. "தடம் மூன்று" என்னும் பெயர் ஓராண்டின் பின்னர் யாருக்கும் எதனையும் உணர்த்தாது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளாமலே போயின. அவ்விழப்பை அறிந்த நாம், ஒலியையும் ஒரே வன்தட்டில், ஒரே வீட்டில் வைத்திருத்தல் தகுமா? ஒரு படி ஊரில் இருக்கட்டும்; மற்றொரு படி வேற்றூரில் இருக்கட்டும்; அண்ணாவியாரின் குடும்பத்தாரிடமும் ஒரு படி சேரட்டும். குரலுக்கு உரியவர்கள் அவர்களே அல்லவா?